மிளகளவு தோட்டாத் தட்டும் எழுந்து நின்ற அப்சர்வரும்

வணக்கம். முட்டி இரண்டும் சிவந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தரையில் தவழ்ந்ததால் வந்தது. போன வீடியோவில் பெட்டியைப் பிரித்துக் காட்டினேனே, எஃப்.இ.2பி, முதல் உலகப் போரில், 1916-இல் பிரான்ஸ் போர்முனையில் பறந்த பிரிட்டிஷ் விமானம், அதன் மாடல்தான். விலை 7,200 ரூபாய், சுங்கவரி தனி. வீட்டில் 1,800 என்று சொல்லி வைத்திருக்கிறேன், சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள்.

இதில் லூயிஸ் என்ற இயந்திரத் துப்பாக்கியின் தோட்டாத் தட்டு, அதாவது தோட்டாக்களை அடுக்கி மேலே மாட்டுகிற வட்டத் தட்டு, மிளகளவுதான். இடுக்கியிலிருந்து தெறித்துவிட்டது. ஒன்றரை மணி நேரம்! கட்டிலை நகர்த்தினேன், துடைப்பத்தை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். கடைசியில் என் லுங்கி மடிப்பிலேயே இருந்தது. நிஜத் தட்டில் முதலில் 47 தோட்டாக்கள், பிறகு 97. காற்று முகத்தில் அறைய அறைய, கையுறையோடு அதைக் கழற்றி மாட்டினார்கள். எனக்கோ மின்விசிறியை நிறுத்திவிட்டும் மாட்ட வரவில்லை.

ஆனால் எரிச்சல் அதனால் இல்லை. மாடலில் அப்சர்வர் பொம்மையை, அதாவது விமானியோடு பறந்து எதிரியைக் கவனித்துச் சுடுகிற இரண்டாவது ஆளை, சாவகாசமாக உட்கார வைத்திருக்கிறார்கள், திண்ணையில் காற்று வாங்குகிற மாதிரி!

அட, முக்கியமானதைச் சொல்லாமலே போகிறேன். இந்த விமானத்தில் இன்ஜினும் புரொப்பெல்லரும் விமானிக்குப் பின்னால். அப்சர்வர் மூக்கு நுனியில். முன்பக்கம் சுடத் தடையே இல்லை. எதிரி பின்னாலிருந்து வந்தால்? இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு கம்பத்தில் இன்னொரு லூயிஸ். இருக்கைமேல் ஏறித் திரும்பி நின்று, மேல் இறக்கைக்கு மேலாகச் சுட வேண்டும். முழங்காலுக்கு மேல் மொத்த உடம்பும் வெளியே. பாராசூட் கிடையாது. விமானி சட்டென்று திருப்பினால் பிடித்துக்கொள்ளத் துப்பாக்கிதான்.

இந்த அப்சர்வர்களை யாருக்குத் தெரிகிறது? ‘ரெட் பாரன்’ என்ற ஜெர்மன் போர் விமானி ரிக்தோஃபன் என்றால் மட்டும் கமென்ட் குவிகிறது. அந்த ரிக்தோஃபனுக்கே 1917 ஜூலை 6 அன்று தலையில் குண்டு பட்டது, இதன் அடுத்த வடிவமான எஃப்.இ.2டி விமானங்களோடு மோதியபோதுதான். அந்தக் குண்டு உட்பிரிட்ஜ் என்ற அப்சர்வர் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து விமானங்களை வீழ்த்திய முதல் அமெரிக்கரான பிரெடரிக் லிபியும் அப்போது அப்சர்வர்தான். அதற்கு முன் மாடு மேய்த்தவர்.

அதனால் பொம்மையின் முட்டியை அறுத்து நிமிர்த்திவிட்டேன். இடது கால் கொஞ்சம் கோணல், இருக்கட்டும். இதோ, பசை வைத்தாயிற்று, தட்டை மாட்டப் போகிறேன், மூச்சுக்கூட விட மாட்டேன்...

யாரது மின்விசிறியைப் போட்டது?