ஒரு கரடிக்கு நாலு நாளா?

[திரையில்: எவர்சில்வர் தட்டு. அதில் வெட்டிய துணித் துண்டுகள், நட்டு, போல்ட், இரண்டு கறுப்புக் கண்கள்]

வணக்கம். இந்தத் தட்டில் இருப்பது ஒரு கரடி. 21 துண்டுத் துணி, பத்து வட்டத் தட்டு, ஐந்து போல்ட், இரண்டு கண்ணாடிக் கண், கொஞ்சம் கறுப்பு நூல், பக்கத்தில் ஒரு பை இலவம் பஞ்சு. நாலு நாள் பொறுத்தால் எழுந்து உட்காரும்.

நான் இருப்பது மட்டக்களப்பில், கல்லடிப் பக்கம். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். முன் விறாந்தையில் ஒரு மேசையும் ஒரு தையல் மெஷினும். அதுதான் என் கரடிப் பொம்மைத் தொழிற்கூடம். பக்கத்து வீட்டு மாமி காலையில் வாசல் கூட்டி முடித்ததும் வந்து எட்டிப் பார்ப்பார். ஒருநாள் கேட்டார்: "என்ன புள்ள, ஒரு கரடிக்கு நாலு நாளா? அதுக்குள்ள நான் ஒரு பாய் இழைச்சிருவன்."

இழைத்தும் விடுவார், அவர் கை அப்படி. இந்த வீடியோ மாமிக்கான பதில்.

[திரையில்: காட்டுக் கரடியின் ஓவியம்]

வேலைக்குப் போகுமுன் ஒரு சின்னச் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். நம்மூர் ஆட்களுக்குக் கரடி என்றால் கட்டிப்பிடிக்கத் தோன்றுவதில்லை. என் பெரியப்பா படுவான்கரையில், உன்னிச்சைப் பக்கம் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தவர். யானை வந்தால் சத்தம் கேட்கும், கரடி வந்தால் கேட்காது என்பார். திடுக்கிட்ட கரடி ஆளின் முகத்தைத்தான் பிறாண்டும். இலங்கைக் காட்டுக் கரடிக்கு நீண்ட மூஞ்சி, பரட்டைக் கறுப்பு ரோமம், நெஞ்சில் வெள்ளையாக ஒரு 'வி' அடையாளம். பாலைப்பழம் என்றால் அதற்கு உயிர். சீசனில் நாம் வாங்கிச் சாப்பிட்டு உதடு ஒட்டிக்கொள்ளுமே, அதே பழம்தான்.

அப்படியானால் இந்தக் கட்டிப்பிடிக்கிற கரடி எங்கிருந்து வந்தது? 1902 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போனார். அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. கூட வந்தவர்கள் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்து, சுடுங்கள் என்றார்கள். கட்டிவைத்ததைச் சுடுவது வேட்டையா என்று அவர் மறுத்துவிட்டார். கிளிஃபர்ட் பெரிமன் அதைக் கார்ட்டூனாக வரைந்தார். நியூயோர்க்கின் புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மிச்டம் என்ற தம்பதி ஒரு கரடிப் பொம்மை தைத்து, ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயரான 'டெடி'யை அதற்கு வைத்தார்கள். உண்மையில் அடிபட்டுக் கிடந்த அந்தக் கரடியின் வேதனையை முடித்துவிடும்படி ரூஸ்வெல்ட் மற்றவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். கார்ட்டூனில் அது இல்லை.

அதே நேரம் ஜெர்மனியில் இன்னொரு கரடி. அந்தக் கதைதான் எனக்குப் பிடித்தது. மார்கரெட்டே ஸ்டைஃப் 1847-ல் பிறந்தவர். ஒன்றரை வயதில் போலியோ வந்து கால்கள் செயலிழந்தன, வலது கையும் பலவீனம். அந்தக் கையோடு தையல்காரியானார். 1880-ல் குண்டூசி குத்திவைக்க ஒரு துணி யானை செய்தார். பிள்ளைகள் அதை விளையாட எடுத்துக்கொண்டார்கள், பொம்மைத் தொழில் அங்கே தொடங்கியது. கை கால் அசைகிற கரடியை 1902-ல் வடிவமைத்தவர் அவருடைய தம்பி பிள்ளைகளில் ஒருவரான ரிச்சர்ட்.

சரி, மேசைக்கு வருவோம்.

[திரையில்: ஃபர் துணியின் பின்பக்கம், பேனாவால் வரைந்த அம்புக்குறிகள்]

முதல் நாள் வெட்டு. கரடி செய்கிறவளின் முதல் எதிரி ஃபேன். ஃபர் துணியை வெட்டினால் முடி பறக்கும். ஃபேன் சுற்றினால் தேநீரிலும் கண்ணிலும் முடிதான். அதனால் ஏப்ரல் வெயிலிலும் ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, வியர்த்துக்கொண்டே வெட்டுகிறேன்.

வெட்டுவது பின்பக்கத்தில் இருந்து. சின்னக் கத்தரிக்கோலின் நுனியை மட்டும் அடித்துணிக்குள் விட்டு, முடியைத் தொடாமல், அரை அங்குலம் அரை அங்குலமாக. துணியை மடித்து ஒரே இழுப்பில் வெட்டினால் ஓரத்து முடி எல்லாம் கட்டையாகி, தைத்த பிறகு கரடிக்குத் தையல் வழியே வகிடு எடுத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு அம்புக்குறி போடுவேன். முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு. உடம்பில் அது கீழ்நோக்கிச் சாய வேண்டும். ஒரு கையில் மட்டும் மேல்நோக்கிப் போனால் அந்தக் கை எப்போதும் பயந்த மாதிரி நிற்கும்.

தலைக்குப் பக்கத் துண்டு இரண்டு. ஒன்று இடம், ஒன்று வலம், கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிரெதிராக வெட்ட வேண்டும். தொடங்கிய காலத்தில் இரண்டையும் இடமாகவே வெட்டிவிட்டேன். கொழும்பிலிருந்து வரவழைத்த துணி, மிச்சமும் இல்லை. அன்று கத்தரிக்கோலை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

வெளிநாட்டுக் கலைஞர்கள் மொஹேர் துணியில் செய்கிறார்கள். அது அங்கோரா ஆட்டின் முடி, தென்னாப்பிரிக்காவில்தான் அதிகம் கிடைக்கிறது. நமக்கு அது கட்டுப்படியாகாது. நான் சாதாரண ஃபர் துணியிலும், மருதமுனைக் கைத்தறித் துணியிலும் செய்கிறேன். கைத்தறியில் ஒரு வசதி, முடி பறக்காது. கரடிக்குக் கோடு போட்ட உடம்பு கிடைக்கும், அதுவும் அழகுதான்.

இரண்டாம் நாள் தையல். இதில் சொல்ல அதிகம் இல்லை. உட்பக்கம் வெளியே இருக்கத் தைத்து, பிறகு புரட்டி எடுப்பது. 2022-ல் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் வெட்டிய காலத்தில் மெஷினை விட்டுக் கைத்தையலுக்கு மாறினேன், தலையை இன்றும் கையால்தான் தைக்கிறேன். ஒரு ஊசி முன்னே போய் அரை ஊசி பின்னே வருகிற தையல். மூக்கின் வளைவை மெஷினைவிட விரல் நன்றாக அறியும். தைத்து முடித்ததும் தையலுக்குள் மாட்டிக்கொண்ட முடியை ஊசி முனையால் ஒவ்வொன்றாக வெளியே இழுக்க வேண்டும். வானொலி கேட்டுக்கொண்டு செய்ய ஏற்ற வேலை.

[திரையில்: வட்டத் தட்டுகள், வொஷர்கள்]

மூன்றாம் நாள் மூட்டும் பஞ்சும். தலை ஒன்று, கை இரண்டு, கால் இரண்டு, ஆக ஐந்து மூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஹார்ட்போர்ட் வட்டம் இரண்டு, ஒன்று கைக்குள், ஒன்று உடம்புக்குள், நடுவில் போல்ட். வட்டங்களை ஒரு தச்சர் வெட்டித் தருகிறார். நட்டு வாங்க முதல்முறை ஹாட்வெயார் கடைக்குப் போனபோது கடைத் தம்பி, "எந்த பைக்குக்கு அக்கா?" என்று கேட்டான். கரடிக்கு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கறள் பிடிக்காதது தரட்டா?" என்றான். நல்ல பிள்ளை, சரியான கேள்வி.

பஞ்சு அடைப்பதுதான் கை வலிக்கிற வேலை. இலவம் பஞ்சை ஒரு காலத்தில் உலகம் முழுக்க டெடிகளுக்குள் அடைத்தார்கள். தண்ணீர் எளிதில் ஏறாது, மிதக்கும், உயிர்காப்பு அங்கிக்குள்ளும் வைத்தார்கள். நம் வீட்டுத் தலையணைக்குள் இருப்பதும் அதுதான். இலவு காத்த கிளி பழத்துக்குக் காத்திருந்து பஞ்சைப் பார்த்து ஏமாந்தது. எனக்கு அந்தப் பஞ்சே போதும். ஆனால் விதையைப் பொறுக்கிவிட வேண்டும். விதையில் எண்ணெய் இருக்கிறது, எறும்பு தேடி வரும்.

கிள்ளிக் கிள்ளி, சின்னச் சின்ன உருண்டையாகத்தான் அடைக்க வேண்டும். ஒரு பிடியை மொத்தமாகத் திணித்தால் உள்ளே கட்டியாகிவிடும். நான் பழைய மரக்கரண்டியின் காம்பால் குத்துகிறேன். முதலில் மூக்கு. அதுதான் இறுக்கமாக இருக்க வேண்டும், நாளைக்கு அதன் மேல்தான் நூல் வேலை. அழுத்திப் பார்த்தால் மூக்கு கொய்யாக்காய் போலவும், கன்னம் பழுக்கத் தொடங்கிய கொய்யா போலவும் இருந்தால் சரி. பிறகு முதுகைக் கட்டுகிறேன், தையல் வெளியே தெரியாத மறைதையலில்.

இதெல்லாம் மாரியில் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் வாவிக் காற்று வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பஞ்சு ஈரக்காற்றில் சோம்பிப்போகும், துணியில் பூஞ்சணம், ஊசியில் கறள். பஞ்சை வெயில் வந்த நேரம் பார்த்துக் காயவைத்து, மூடி இறுகிய வாளியில் போட்டுவைக்கிறேன். ஊசிக்குப் பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. எண்ணெய் வைத்த தலைமுடியில் ஒரு இழுப்பு.

[திரையில்: கண் இல்லாத கரடித் தலை. மெதுவாக நெருங்குகிறது]

நாலாம் நாள் முகம். மாமி கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

இப்போது இந்தத் தலையில் கறுப்புத் தலை வைத்த இரண்டு ஊசியைக் குத்துகிறேன். இது கண் இருக்கப்போகும் இடம். பாருங்கள், மேலே, நெருக்கமாக வைத்தால் பாடசாலை அதிபர். மூன்று மில்லிமீட்டர் கீழே இறக்கி, கொஞ்சம் அகற்றினால் கைக்குழந்தை. துணியும் பஞ்சும் அதேதான், மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

இதற்குக் காரணம் உண்டு. 1943-ல் ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரென்ஸ் எழுதினார்: பெரிய நெற்றி, முகத்தில் தாழ்ந்த பெரிய கண், உப்பிய கன்னம், இவற்றைக் கண்டால் மனிதருக்குக் குழந்தையைத் தூக்கும் எண்ணம் வருகிறது என்று. 1985-ல் ராபர்ட் ஹைண்ட், பார்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல காலத்து டெடிகளை அளந்து பார்த்தார்கள். காலம் போகப் போக நெற்றி பெரிதாகி, மூஞ்சி குட்டையாகிக்கொண்டே வந்திருக்கிறது. ஆரம்பத்துக் கரடி காட்டுக் கரடி மாதிரி, இப்போதையது குழந்தை மாதிரி. நான் ஒருமுறை பெரியப்பாவின் நினைவாக நம்மூர்க் கரடி ஒன்று செய்தேன். நீண்ட மூஞ்சி, நெஞ்சில் வெள்ளை 'வி'. ஒரு சந்தையில் வைத்திருந்தபோது ஒரு சின்னப் பெண் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நாயா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அது இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது.

ஊசி குத்திய தலையை ஃபோனில் படம் எடுத்து இடம் வலம் மாற்றிப் பார்ப்பேன். கைக்குப் பழகிப்போன கோணல் படத்தில் தெரிந்துவிடும். பிறகு அப்படியே வைத்துவிட்டு, வெளிச்சம் மாறியதும் மறுபடி பார்ப்பேன். பாதி நாள் போவது இப்படிப் பார்ப்பதில்தான். வெளியிலிருந்து பார்த்தால் சும்மா இருப்பது போலத்தான் தெரியும்.

கண்ணாடிக் கண்ணின் பின்னால் ஒரு கம்பி வளையம் இருக்கிறது. அதில் நூல் கோத்து, நீள ஊசியால் தலைக்குள் விட்டுப் பிடரியில் எடுத்து இறுக்குகிறேன். தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி நூலை முயன்றேன், முடிச்சு வழுக்குகிறது, துணியையும் அறுக்கிறது. வலை முடிகிற முறுக்கு நைலோன் நூல்தான் நின்றது. மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும். கொஞ்சம் இறுக்கினால் கண் குழிந்து உயிர் வருகிறது, இன்னும் கொஞ்சம் இறுக்கினால் கோபம் வந்துவிடும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு என்றால் கண்ணாடி, பட்டன், மணி எதுவும் கிடையாது. பிய்ந்தால் தொண்டைக்குள் போகும். கண்ணையும் நூலாலேயே தைத்துவிடுவேன்.

மூக்கு, நடுக்கோட்டிலிருந்து இடமும் வலமும் நெருக்கமான செங்குத்துத் தையல். வாய்க்கு மூன்று தையல் போதும். வாய் ஓரத்தை மேலே தூக்கிச் சிரிப்பு வைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. நான் வைப்பதில்லை. சிரிக்கிற கரடி பிள்ளை அழும்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும்.

[திரையில்: மடித்த நீலச் சேலை]

இப்போது எனக்கு வரும் ஓடரில் பாதி, காலமானவர்களின் உடுப்பில் கேட்கிற கரடி. சாரம், சேட், சேலை. செத்தவர் உடுப்பை வீட்டில் வைக்கக் கூடாது என்று என் பெரியம்மாவே திட்டினார். கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை.

இந்தத் துணியில் வேலை முறையே வேறு. பழைய சேலை நைந்திருக்கும், அப்படியே தைத்தால் பஞ்சு இழுத்துப் பிரித்துவிடும். சட்டைக் கொலருக்குள் அயர்ன் பண்ணி ஒட்டுகிற கன்வஸைப் பின்னால் ஒட்டித்தான் வெட்ட வேண்டும். துவைப்பதா வேண்டாமா என்று முதலில் கேட்டுவிடுவேன். துவைத்தால் வாசம் போய்விடும். அக்கரைப்பற்றிலிருந்து ஒரு அக்கா தன் அப்பாவின் வெள்ளைச் சேட்டைக் கொண்டுவந்தார். நெஞ்சுப் பக்கம் வெற்றிலைக் கறை. அதை மறைத்து வெட்டிவிடுகிறேன் என்றேன். "வேண்டாம், அது தெரியட்டும்" என்றார். கரடியின் இடது பாதத்தில் வைத்தேன். வாங்க வந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே காலைத் திருப்பிப் பார்த்தார்.

அந்தத் துணிகளில் ஒரு சங்கடம், தவறினால் வேறு துணி வாங்க முடியாது. அதனால் முதலில் பழைய படுக்கை விரிப்பில் முழுக் கரடியையும் ஒருமுறை தைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இந்த நீலச் சேலைக்கும் தைத்துவிட்டேன், அளவு சரி. ஆனாலும் சேலை மூன்று கிழமையாக இந்தப் பையிலேயே இருக்கிறது. இன்றைக்கு வெட்டியாக வேண்டும்.

[திரையில்: கத்தரிக்கோல். மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றி நிற்கிறது]

சேலையில் முடி பறக்காது. ஃபேன் ஓடினாலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் நிறுத்திவிட்டேன்.