நாளை தெரியாமல் எழுதியவர்கள்

(கடலூர் முதுநகரில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வாசக நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மாதம் ஒருவர் தமக்குப் பிடித்ததை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது நம் வட்டத்தின் வழக்கம். இன்று என் முறை. நான் நாட்குறிப்புகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கதை, கவிதை, கட்டுரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை எடுத்ததற்குக் காரணம் இதோ இந்த மேசைமேல் இருக்கிறது. என் அம்மாவின் மாதக் காலண்டர். மளிகைக்கடையில் வருஷா வருஷம் கொடுப்பார்களே, தேதிக்கு ஒரு கட்டம் போட்டு, அதுதான். 2011-உம் 2012-உம் கொண்டுவந்திருக்கிறேன்.

அம்மா ஐந்தாவது வரை படித்தவர். டைரி எழுதுகிறோம் என்ற நினைப்பே அவருக்குக் கிடையாது. பால் கணக்குக்காகக் காலண்டர் கட்டத்தில் ‘1’ என்றோ ‘½’ என்றோ எழுதுவார். பக்கத்தில் இடம் இருந்தால் இரண்டு வார்த்தை சேர்ப்பார். ‘கேஸ் வந்தது.’ ‘சின்னவளுக்குக் காய்ச்சல்.’ அவ்வளவுதான். அவர் போன பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது பதினேழு வருஷத்துக் காலண்டர் சுருட்டிக் கட்டி வைத்திருந்தது கிடைத்தது.

2011 டிசம்பர் 29-ஆம் தேதிக் கட்டத்தில் ‘துணி காயலை’ என்று இருக்கிறது. மறுநாள் என்ன நடந்தது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் நம் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அந்தக் கட்டத்தில் அம்மா எழுதியது: ‘பால் இல்லை. ஓடு பறந்தது. கரண்ட் இல்லை.’ அடுத்த கட்டம், ‘கரண்ட் இல்லை.’ அதோடு அந்தக் காலண்டர் முடிந்துவிட்டது. புதுக் காலண்டரை ஆணியில் மாட்டி அதன் முதல் கட்டத்திலும் ‘கரண்ட் இல்லை’ என்றே தொடங்கியிருக்கிறார். இப்படியே பதினான்கு கட்டங்கள். நடுவில் ஒன்றில் ‘தண்ணி ஏத்த ஜெனரேட்டர் 300’. இன்னொன்றில் ‘அண்ணன் வீட்டுப் பலா மூணும் போச்சு’. ஜனவரி 13-இல் ஒரே சொல்: ‘வந்துச்சு.’

அந்தப் புயலைப் பற்றி எத்தனையோ செய்திகள் படித்தேன். காற்றின் வேகம், விழுந்த முந்திரி மரங்கள், இழப்பீடு, எல்லாம் மனதில் இருக்கின்றன. ஆனால் என்னை உட்கார வைத்து அழ வைத்தது ‘துணி காயலை’ என்ற அந்த முந்தின நாள் கட்டம்தான். செய்தி எழுதியவர்களுக்குப் புயல் தெரியும். அம்மாவுக்கு 29-ஆம் தேதி சாயங்காலம் அது தெரியாது. கொடியில் கிடந்த துணிதான் கவலை. வரலாறு எழுதுகிறவருக்கு முடிவு தெரியும். நாட்குறிப்பு எழுதுகிறவருக்கு மறுநாள் தெரியாது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் உங்களை நாட்குறிப்புகள் பக்கம் அழைக்கிறேன்.

முதலில் நம் பக்கத்து ஊர்க்காரர். இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனந்தரங்கப் பிள்ளை.

1709-இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு புதுச்சேரிக்குப் போனவர். வணிகர். பின்னால் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் தலைமைத் துபாஷி ஆனார். துபாஷி என்றால் இரண்டு பாஷை அறிந்தவர். வெள்ளைக்காரத் துரைக்கும் ஊருக்கும் இடையே பேச்சு, பேரம், நியாயம் எல்லாம் அவர் வழியாகத்தான் நடக்கும். 1736 செப்டம்பர் 6, நள வருஷம் ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை எழுதத் தொடங்கினார். காதால் கேட்டதையும், கண்ணால் கண்டதையும், கப்பல் வந்ததையும் போனதையும், புதுமையாக நடப்பதையும் எழுதப்போகிறேன் என்று ஆரம்பிக்கிறார். அப்படியே கால் நூற்றாண்டு எழுதினார்.

யாரும் கேட்டு எழுதியதில்லை. யாருக்கும் காட்டவும் இல்லை. அவர் காலமாகி ஏறத்தாழ 85 ஆண்டுகள் கழித்து, 1846-இல்தான் கல்வா மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். பிறகு சென்னை அரசாங்கம் 1904 தொடங்கி 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழில் எழுதிய மனிதரைத் தமிழர்கள் அச்சில் படிக்க அதற்கும் பிறகு காத்திருக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகிறது.

நம் ஊர்க்காரர்கள் இதைப் படிக்கும்போது ஒரு தனி அனுபவம் உண்டு. அதில் நாம் எதிரி ஊர். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் ஆங்கிலேயர்கள் நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைத்தான் தலைமையிடமாக வைத்துக்கொண்டார்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை சுண்டல் வாங்கிக்கொண்டு நடக்கிற கடற்கரைக்குப் பக்கத்தில்தான் அந்தக் கோட்டை இருந்தது. அதைப் பிடிக்கத் துய்ப்ளேக்ஸ் படை அனுப்பினார், முடியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தமிழர் நம் ஊரை ஆவலோடும் பயத்தோடும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சேதி வருமா, ஓலை வருமா, கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது?

நான் உங்களுக்குச் சிபாரிசு செய்வது 1748-ஆம் ஆண்டின் ஆவணி, புரட்டாசி மாதங்களை. முதல் தொகுதியில் தொடங்காதீர்கள். தொடங்கினால் சரக்குக் கணக்கிலும், எந்தக் கப்பலுக்கு எத்தனை பீரங்கி மரியாதை என்ற விவரத்திலும் களைத்துப்போய்ப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். அது நல்ல விவரம்தான், பழகிய பிறகு ருசிக்கும். முதலில் இந்த இரண்டு மாதத்துக்குள் குதியுங்கள். ஆங்கிலத் தளபதி போஸ்கவன் பெரிய கடற்படையோடு வந்து புதுச்சேரியை முற்றுகையிடுகிறார். ஊருக்குள் குண்டு விழுகிறது. ஊர் தப்புமா தப்பாதா என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டு ஆங்கிலேயர் திரும்பினார்கள் என்பது நமக்குத் தெரியும். அவருக்கு ஒவ்வொரு ராத்திரியும் புது ராத்திரி.

அந்த நாட்களுக்கு நடுவில்தான் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. செப்டம்பர் மாதம். போரைச் சாக்காக வைத்து, பலர் பல காலமாகக் கண்வைத்திருந்த காரியத்தை முடித்தார்கள். கவர்னரிடம் அத்தனை செல்வாக்கு உள்ளவர், துரை தினமும் கூப்பிட்டுப் பேசுகிறவர், அவராலும் தடுக்க முடியவில்லை. அந்தப் பக்கங்களை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். ஒருவர் தன் அதிகாரம் எங்கே முடிகிறது என்று கண்டுகொண்ட நாள் அது. அந்த நாளையும் அவர் எழுதாமல் விடவில்லை.

அவர் எல்லாவற்றிலும் பெரிய மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். சாதி விஷயத்தில் தம் காலத்து உயர்நிலை மனிதர் எப்படி இருப்பாரோ அப்படித்தான் இருக்கிறார். எல்லோரும் ஓரிடத்தில் கூடி விருந்துண்டால் அவர் முகம் சுளிப்பது பக்கத்தில் தெரிகிறது. தம் புகழைத் தாமே எழுதிக்கொள்கிறார். சகுனம் பார்க்கிறார், ஜோசியம் பார்க்கிறார். படிக்கிற நமக்குச் சில இடங்களில் கோபம் வரும். ஆனால் அவர் நமக்காக முகம் கழுவிக்கொண்டு வந்து நிற்கவில்லை. அதனால்தான் அன்றைய சமூகத்தை உள்ளபடி பார்க்க முடிகிறது. துய்ப்ளேக்ஸ் 1754-இல் ஊரைவிட்டுப் போனதும் இவருடைய நிலை இறங்குகிறது, உடம்பும் தளர்கிறது. 1761 ஜனவரியில் காலமானார். அதே மாதம் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது.

அடுத்தது, இன்று நான் அதிகமாகச் சொல்ல ஆசைப்படுகிறவர். கரோலினா மரியா டி ஜீசஸ். பிரேசில் நாட்டுக் கறுப்பினப் பெண்மணி. 1914-இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். சாவோ பாலோ நகரத்தில் தியேத்தே ஆற்றங்கரையில் கனின்தே என்ற குடிசைப் பகுதி. தனியாளாக மூன்று பிள்ளைகளை அங்கே வளர்த்தார். தொழில், தெருத்தெருவாகப் போய்ப் பழைய பேப்பர் பொறுக்கி எடைக்குப் போடுவது. பொறுக்கின பேப்பரில் எழுதாத பக்கம் இருக்கும் நோட்டுகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார். ராத்திரி அதில் எழுதுவார்.

அவருடைய நாட்குறிப்பின் முதல் நாள் 1955 ஜூலை 15. மகளுக்குப் பிறந்தநாள். ஒரு ஜோடி செருப்பு வாங்கித் தர ஆசை, பணம் இல்லை. குப்பையில் கிடைத்த ஒரு ஜோடியைக் கழுவித் தைத்துக் குழந்தைக்குப் போட்டுவிடுகிறார். முதல் பக்கமே இதுதான். நான் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். புது வருஷத்து முதல் நாளில் பிள்ளைகளின் காலைப் பார்த்தே வீட்டு நிலைமையைத் தெரிந்துகொள்வோம். அந்தப் பக்கத்தைப் படித்தபோது என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பல கால்கள் ஞாபகத்துக்கு வந்தன.

பசிக்கு ஒரு நிறம் உண்டு என்கிறார். மஞ்சள். பசி முற்றும்போது வானம், மரம், பறவை எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது. சாப்பிட்டதும் உலகம் பழைய நிறத்துக்குத் திரும்புகிறது. பசித்தவர் மட்டுமே எழுதக்கூடிய வரி அது.

அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தால், ‘உங்களையெல்லாம் என் புத்தகத்தில் எழுதிவிடுவேன்’ என்று மிரட்டுவாராம். 1958-இல் அந்தப் பகுதிக்குச் செய்தி சேகரிக்கப் போன ஒரு பத்திரிகையாளர் காதில் இது விழுந்தது. எந்தப் புத்தகம் என்று கேட்டுப் போனார். குடிசைக்குள் நோட்டு நோட்டாக இருந்தது. 1960-இல் அச்சானது, போட்ட வேகத்தில் விற்றுத் தீர்ந்தது, பல மொழிகளுக்குப் போனது. 1962-இலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. எளிய ஆங்கிலம்தான், நம்மில் பலரும் படிக்கலாம். புகழ் வந்த வேகத்திலேயே விலகிவிட்டது. கரோலினா 1977-இல் கிட்டத்தட்ட பழைய வறுமையிலேயே இறந்தார். அவரைப் பாராட்டிய நகரம் அவரைத் தாங்கிப் பிடிக்கவில்லை. இது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

மூன்றாவதாக, லண்டன் சாமுவேல் பெப்பீஸ். தையற்காரர் மகன். கடற்படை அலுவலகத்தில் வேலை. 1660-ஆம் ஆண்டின் முதல் நாள் தொடங்கி 1669 மே மாதம் வரை எழுதினார். கண் போய்விடும் என்ற பயத்தில் நிறுத்தினார். எழுதியதெல்லாம் சுருக்கெழுத்து. பின்னாளில் ஜான் ஸ்மித் என்ற மாணவர் மூன்று வருஷம் பாடுபட்டு அதைப் பிரித்துப் படித்தார். அந்தச் சுருக்கெழுத்தைக் கற்றுத்தரும் புத்தகம், நாட்குறிப்பு இருந்த அதே நூலகத்தில், பெப்பீஸின் அலமாரியிலேயே இருந்தது. ஸ்மித்துக்கு அதை யாரும் சொல்லவில்லை. நூலகத்துக்கு வருகிற நாம் கேட்கக் கூச்சப்படக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அவரிடம் ஒரு நாளைப் படியுங்கள். 1666 செப்டம்பர் 2, ஞாயிறு. விடியற்காலை மூன்று மணிக்கு வேலைக்காரப் பெண் எழுப்பி, ஊரில் எங்கோ தீ என்கிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, தூரம்தான் என்று திரும்பப் படுத்துத் தூங்கிவிடுகிறார். பாதி லண்டனைத் தின்ற தீ அது. அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும்? பிறகு படகில் போய்ப் பார்க்கிறார். வீட்டைவிட்டுப் போக மனமில்லாத புறாக்கள் ஜன்னலோரமாகவே சுற்றிச் சுற்றிப் பறந்து சிறகு கருகி விழுந்ததை எழுதியிருக்கிறார். பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்தையும் அவரே எழுதியிருக்கிறார். அது படிக்கக் கசப்பானது. நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அந்தப் புறாக்களை விட்டுவிடவும் என்னால் முடியாது.

நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கைப் பற்றி நீளமாகப் பேசவில்லை. நம் பிள்ளைகள் பள்ளியிலேயே அவள் பெயரைக் கேட்டுவிடுகிறார்கள். ஒன்று மட்டும். 13-ஆம் பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டில் எழுதத் தொடங்கிய அந்தப் பெண், 1944-இல் ரேடியோவில் ஓர் அறிவிப்பைக் கேட்டாள்: போர் முடிந்ததும் மக்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் சேகரிக்கப்படும் என்று. அதற்குப் பிறகு தான் எழுதியதையெல்லாம் திரும்ப எடுத்துத் திருத்தி எழுத உட்கார்ந்தாள். அவள் தன்னை எழுத்தாளராகவே நினைத்தாள். கடைசியாக எழுதியது ஆகஸ்ட் 1. பிடிபட்டது ஆகஸ்ட் 4. அந்தக் கடைசி நாளைப் படிக்கும்போது, இது கடைசி என்று தெரியாமல் எழுதியிருக்கிறாள் என்பதை மறக்காதீர்கள்.

எப்படிப் படிப்பது என்று கேட்டால், நாவல் மாதிரி ஒரே மூச்சில் வேண்டாம். இன்று என்ன தேதியோ, அந்தத் தேதியில் அவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். ராத்திரி படுக்கப்போகும் முன் ஒரு நாள் போதும். நான் ஆனந்தரங்கரை இப்படித்தான் நான்கு வருஷமாகப் படித்து வருகிறேன். மழைக்காலத்தில் அவர் ஊரிலும் மழை பெய்கிறது.

1748 முற்றுகை நாட்களை இருபது பிரதி ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். போதவில்லை என்றால் அடுத்த மாதம் கொண்டுவருகிறேன். அம்மாவின் காலண்டர்களும் மேசையிலேயே இருக்கட்டும், பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். திருப்பும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக. ஆணி மாட்டிய இடத்தில் தாள் கிழியத் தொடங்கியிருக்கிறது.