முதுகில் ஏறினால் கைச்சாமான்

எல்லோருக்கும் வணக்கம்.

கடத்தல் என்றதும் நம் கண்முன் வருவது நள்ளிரவு, படகு, தங்கக் கட்டி. நான் இன்று பேச வந்த கடத்தல் பட்டப்பகலில் நடந்தது. போலீஸ்காரர்கள் பக்கத்திலேயே நின்று வரிசையை ஒழுங்குபடுத்தினார்கள். கடத்தப்பட்டவை போர்வை, பழைய துணி, குழந்தைகளின் டயப்பர், டயர். சுமந்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளை குட்டி உள்ள அம்மாக்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு.

ஆப்பிரிக்காவின் வட கரையில், மொராக்கோவை ஒட்டி, செயூத்தா, மெலில்யா என்று இரண்டு சின்ன நகரங்கள் இருக்கின்றன. இருப்பது ஆப்பிரிக்க மண்ணில், ஆள்வது ஸ்பெயின். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இவை வராததால் அங்கே சரக்கு மலிவு. நிலப்பக்கம் முழுக்க உயரமான இரும்பு வேலி. ஆனால் வேலியை ஒட்டிய தெத்துவான், நதோர் மாகாணத்து மக்கள் மட்டும் அப்போது விசா இல்லாமல் பகலில் உள்ளே போய் வர முடிந்தது. ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிடும் ஷெங்கன் ஒப்பந்தத்தில் 1991இல் ஸ்பெயின் சேர்ந்தபோதே இந்தச் சலுகையையும் கேட்டு வாங்கிவிட்டது. அப்புறம் இன்னொரு வழக்கமும் இருந்தது: ஒருவர் தன் உடம்பில் சுமந்து நடந்தே எல்லையைக் கடந்தால் அது சரக்கு இல்லை, கைச்சாமான். அதற்கு வரி கிடையாது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். லாரியில் போனால் வரி கட்ட வேண்டிய அதே மூட்டை, ஒரு பெண்ணின் முதுகில் ஏறினால் கைச்சாமான் ஆகிவிடுகிறது. அங்கே கிடங்கு வைத்திருந்த வியாபாரி வேறென்ன செய்வார்? முதுகுகளைத் தேடினார்.

அந்த மூட்டை எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு ஆள் குறுக்களவுக்குப் பெரியது, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கும். ஐம்பது, அறுபது கிலோ சாதாரணம், எண்பது தொண்ணூறும் உண்டு. சுமப்பவர் இடுப்பை மடித்துக் குனிந்தே நடக்க வேண்டும். முன்னால் போகிறவரின் குதிகாலைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. மூட்டை கிடைக்காத நாளில் துணிகளை உடம்பில் சுற்றி ஒட்டும் டேப் போட்டுக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. மெலில்யாவில் பாரியோ சீனோ என்ற வாசலில், ஆள் ஒருவர் மட்டும் நுழையும் சுழல் கதவுகள். அதற்கு விடிவதற்கு முன்பே வந்து இடம் பிடிக்க வேண்டும். இவ்வளவுக்கும் ஒரு நடைக்குக் கூலி சில யூரோ. நல்ல நாளில் பத்து, பதினைந்து தேறும். இந்த வணிகத்தில் புரண்டதோ ஆண்டுக்குப் பல கோடி யூரோ.

ஸ்பெயின் இதற்குக் கொடுத்த பெயர் "வழக்கத்துக்கு மாறான வணிகம்". அரபியில் "தஹ்ரீப் மஈஷீ" என்றார்கள், வயிற்றுப்பாட்டுக் கடத்தல். பத்திரிகைகள் அந்தப் பெண்களைக் "கோவேறு கழுதைப் பெண்கள்" என்று எழுதின. அவர்களுக்குள் சொல்லிக்கொண்ட பெயர் "ஹம்மாலாத்", சுமப்பவர்கள். மும்பையில் சுமைகூலியை ஹமால் என்கிறார்களே, அதுவும் இதே அரபு வேரில் வந்த சொல்தான். எனக்கு அந்தப் பெண்களின் சொல்லே போதும்.

ஏன் இவர்கள் போனார்கள்? விவாகரத்தானவர்கள், விதவைகள், கணவன் விட்டுப் போனவர்கள், கணவன் படுக்கையில் கிடப்பவர்கள். 2004இல் மொராக்கோ தன் குடும்பச் சட்டத்தைத் திருத்தியது. நல்ல திருத்தம், மறுக்கவில்லை. ஆனால் ஜீவனாம்ச உத்தரவு கிடைப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. நம் ஊர்க் குடும்பநல நீதிமன்ற வாசலில் ஒரு நாள் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

செத்தும் போனார்கள். 2008இல் மெலில்யா எல்லையில் ஒரு பெண் நெரிசலில் மிதிபட்டு இறந்தார். 2017இல் செயூத்தாவில் சுமப்பவர்களுக்கென்றே தராஹால் என்ற இடத்தில் புது வழி திறந்தார்கள். அந்த ஆண்டே அங்கும் சாவு. 2018 ஜனவரியில் மறுபடியும் இரண்டு பெண்கள். அதற்குப் பிறகு முதுகில் சுமக்காதே, தள்ளுவண்டியில் கொண்டு போ என்றார்கள்.

2019 அக்டோபரில் செயூத்தா வழியை மொராக்கோ நிறுத்தியது. 2020 மார்ச்சில் கொரோனாவோடு எல்லையே மூடப்பட்டது. மனிதரைக் கழுதையாக்கிய வேலை ஒழிந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மறுநாள் காலை அடுப்பில் எதை வைப்பது? 2021 பிப்ரவரியில், வேலியை ஒட்டிய ஃப்னிதெக் ஊரில் மக்கள் சோறு கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் இரண்டே நாளில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் கடலில் நீந்தியும் கரையோரம் நடந்தும் செயூத்தாவுக்குள் போனார்கள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு போன தாய்மாரும் அதில் இருந்தார்கள்.

மொராக்கோ எங்கோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நம்மிடமும் "குருவி" என்ற சொல் இருக்கிறது, அடுத்தவர் சரக்கை விமானத்தில் சுமந்து வருபவர். வடசென்னையில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். கணவர் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். மாதம் இருமுறை சிங்கப்பூர் போய் வருவார். டிக்கெட் இன்னொருவர் செலவு. "இருபது கிலோ அவங்களுது, எனக்கு ஒரே ஒரு மாத்துப் புடவை" என்பார். ஒருமுறை விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஜாமீனில் வந்தவரிடம், "அந்த ஆள் பேரைச் சொல்ல வேண்டியதுதானே அக்கா?" என்று கேட்டேன். "சொல்லிட்டா பிள்ளைங்க ஃபீஸ யாருப்பா கட்டுவா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

பிடிபட்ட பெண்ணை என்ன செய்வது என்று உலகம் யோசிக்காமல் இல்லை. 2010இல் ஐ.நா. ஏற்ற பாங்காக் விதிகள், பெண்ணுக்குத் தண்டனை விதிக்கும்போது அவள் யாரைப் பராமரிக்கிறாள் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்கின்றன. கொலம்பியா 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வறுமையால் போதைப்பொருள் போன்ற வழக்குகளில் சிக்கிய, குடும்பத்தைத் தாங்கும் பெண்கள், குறிப்பிட்ட அளவுக்குட்பட்ட தண்டனையானால், சிறைக்குப் பதில் வெளியில் இருந்தே சமூகப்பணி செய்யலாம். குற்றம் இல்லை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. தாயை உள்ளே வைத்தால் வீட்டில் யார் சோறு போடுவார்கள் என்று கேட்கிறது. இங்கே இருக்கிற வழக்கறிஞர்களை நான் கேட்டுக்கொள்வதும் அதுதான். ஜாமீன் மனுவில் பிள்ளைகளின் வயதை எழுதுங்கள். டிக்கெட்டுக்குப் பணம் போனது எந்தக் கணக்கிலிருந்து என்று கேளுங்கள்.

எல்லை 2022 மே மாதம் திறந்தது. மூட்டை வணிகம் திரும்பவில்லை. ஃப்னிதெக்கில் புதிய வணிக வளாகம் கட்டினார்கள், சில பெண்களுக்குத் தையல் ஆலைகளில் வேலை கிடைத்தது. இளையவர்கள் பழகிக்கொள்வார்கள். இருபது வருஷம் மூட்டை சுமந்து இடுப்பு விட்டுப்போன ஒரு அம்மா, எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் உட்காருவது எப்படி? 2025 தொடக்கத்தில் இரண்டு நகரங்களிலும் முறையான சுங்க வழியில் சரக்கு வண்டி போகத் தொடங்கியது. அந்த அம்மாக்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. கைச்சாமான் தூக்கியவர்களை யாரும் எந்தப் பதிவேட்டிலும் தொழிலாளி என்று எழுதி வைக்கவில்லை.