வாக்குப்பதிவு சதவீதம்: வகுக்கிற எண் எது?

பெரியோர்களே, நண்பர்களே,

2024 ஏப்ரல் 19, தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல். அன்று இரவு 7 மணிக்கு வாக்குப்பதிவு 72.09 சதவீதம் என்று அறிவித்தார்கள். மறுநாள் 69.46 ஆனது. கடைசியில் 69.72-இல் வந்து நின்றது. "ஏதோ தில்லுமுல்லு" என்று பேச்சும் கிளம்பியது.

இரவில் சொன்னது, அதுவரை வந்து சேர்ந்த தகவலை வைத்துப் போட்ட தோராயக் கணக்கு. சரியான கணக்கு 17சி படிவத்தில்தான் இருக்கும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அதில் பதிவான ஓட்டுகளை எழுதிக் கையெழுத்திட்டு, பூத் ஏஜென்ட்டுகளுக்கு நகல் தருவார். 6 மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் உண்டு. அதைக் கடைசி ஆளிடம் தொடங்கி முன்னோக்கிக் கொடுத்துக்கொண்டு வருவார்கள். அப்படிச் செய்தால்தான் பின்னால் வந்து யாரும் ஒட்டிக்கொள்ள முடியாது. அந்த வரிசை தீர்ந்த பிறகே கணக்கு முடியும்.

ஆக, பதிவான ஓட்டு எத்தனை என்பதில் பெரிய குழப்பம் இல்லை. அதை எதால் வகுக்கிறோம் என்பதில்தான் குழப்பம். வகுப்பது வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையால்.

அதே தேர்தலில் தருமபுரி 81 சதவீதத்தைத் தாண்டியது. மத்திய சென்னை 54-ஐத் தொடவில்லை. உடனே நகரத்து ஜனங்களுக்குச் சோம்பேறிப் பட்டம்! அன்று வெள்ளிக்கிழமை, சனி ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் லீவு. அதனால் அந்தப் பட்டத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கையும் பாருங்கள். பட்டியலில் ஒரு பாகத்தில், அதாவது ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பகுதியில், 1,200 பெயர், 660 பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 55 சதவீதம். அந்த 1,200-இல் 40 பேர் இறந்துவிட்டார்கள், 160 பேர் வாடகை வீடு மாறிப் போய்விட்டார்கள் என்றால், மெய்யாகவே அங்கே இருப்பவர்கள் 1,000 பேர்தான். அப்போது அதே 660 ஓட்டு 66 சதவீதம்!

இறந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7 கொடுக்க வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. வீடு மாறியவர் படிவம் 8 கொடுக்க வேண்டும். பலர் அதை விட்டுவிட்டு, புதிய வாக்காளருக்கான படிவம் 6-ஐ நிரப்பிவிடுகிறார்கள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் பதிவாகிறார். அதில் பொய் உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறை என்று சட்டம் இருப்பதும் பலருக்குத் தெரியாது.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கத் தேர்தல் ஆணையம் நடத்திய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், தமிழ்நாட்டின் 2025 டிசம்பர் வரைவுப் பட்டியலில் 6.41 கோடி பெயர்கள் 5.43 கோடியாகக் குறைந்தன. போனது சுமார் 97 லட்சம். அதில் 66 லட்சம் பேர் இடம்பெயர்ந்தவர்கள் அல்லது கொடுத்த முகவரியில் இல்லாதவர்கள் என்று கணக்குக் காட்டினார்கள். பட்டியல் சுருங்கினால், ஓர் ஓட்டுக்கூடக் கூடாமலே சதவீதம் ஏறும். "மக்கள் விழித்துக்கொண்டார்கள்" என்று எவராவது மேடையில் முழங்கினால், சதவீதத்தை விட்டுவிட்டு ஓட்டு எத்தனை என்று கேளுங்கள். 2024-இல் சுமார் 4.34 கோடி.

நீக்கப்பட்டவர்களில் உயிரோடு, அதே தெருவில் இருப்பவர்களும் இருக்கலாம். கையில் அடையாள அட்டை இருந்தால் மட்டும் போதாது, பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. அட்டை எண்ணைப் போட்டு தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள், பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் 1950-க்கு போன் செய்யலாம், உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரையும் பார்க்கலாம். பெயர் நீங்கியிருந்தால் மீண்டும் படிவம் 6. வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படும். ஆட்சேபத்துக்கு ஏழு நாள் விட வேண்டியிருப்பதால், அதற்குப் பத்து நாள் முன்னதாகவே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.