பத்தில் ஒன்று பறக்கவில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

உடல்நலமுள்ள பெரியவர்களின் மூளைத்திறனுக்குப் பெரிதும் கைகொடுப்பது உடற்பயிற்சியா, நேரம் தவறாத உணவா? இதுதான் கேள்வி. எதிரணித் தலைவர் எழுந்த உடனேயே, "பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், அந்தப் பத்தில் அறிவும் ஒன்று" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டார். அவர் சொன்னது நாள்கணக்கில் வயிறு காய்ந்தவரின் பசி. அந்தப் பசியின் முன் நானும் தலைகுனிகிறேன். ஆனால் நம் தலைப்பில் இருப்பவர், எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டியதைப் பதினொரு மணிக்குச் சாப்பிடுகிறவர். அவருடைய அறிவு எங்கே பறந்தது?

மூளை நம் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. இப்படிப்பட்ட உறுப்பை, நாம் தட்டின் முன் உட்காரும் நேரத்தை மட்டும் நம்பி உடல் விட்டுவைக்குமா? கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு இருக்கிறது. இரவெல்லாம் நாம் தூங்கும்போது ரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். அது குறைந்தால் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கும். இன்னும் நீண்டால் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் வரும். மூளை அதையும் எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். நாம் தவறவிடும் ஒரு வேளைக்கு உடல் மூன்று அடுக்குக் காவல் போட்டிருக்கிறது, நடுவர் அவர்களே.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 71 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய ஒரு கட்டுரை 2025இல் வந்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் சுமார் 3,500 பேர். பட்டினி இருந்த நேரம் பெரும்பாலும் 12 மணியை ஒட்டியது. நினைவாற்றல், கவனம், முடிவெடுத்தல் எதிலும், சாப்பிட்ட பெரியவர்களுக்கும் சாப்பிடாத பெரியவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதே கட்டுரை, சிறுவர்கள் பட்டினியில் பின்தங்குவதையும் சொல்கிறது. ஆகவே எந்தக் குழந்தையும் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரக் கூடாது. அதை இங்கே அழுத்தமாகவே சொல்கிறேன். ஆனால் தலைப்பு பெரியவர்களைப் பற்றியது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குகிறதே, உணவு மூளையை ஆட்டிவைப்பதற்கு அது சாட்சி இல்லையா என்று எதிரணிச் சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. வயிறுமுட்டச் சாப்பிட்டால் சோர்வு கூடும், உண்மை. ஆனால் மதியம் சாப்பிடாதவருக்கும் அந்த நேரத்தில் மந்தம் வருகிறது. அது உடலின் உள்கடிகாரம் செய்கிற வேலை.

சரி, இப்போது நடைக்கு வருகிறேன். 1999இல் ஒரு சோதனை. 60 முதல் 75 வயது வரை, உட்கார்ந்தே பழகிய 124 பேர். ஒரு பாதியினர் ஆறு மாதம் நடந்தார்கள். மறுபாதியினர் தசைகளை நீட்டும் பயிற்சிகள் செய்தார்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, தேவையில்லாததைக் கண்டுகொள்ளாமல் விடுவது போன்ற சோதனைகளில் நடந்தவர்களே முன்னேறினார்கள்.

அப்புறம் 2011இல் வந்தது என் மனதை விட்டு நீங்காத ஆய்வு. இதில் 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேர். 10 நிமிட நடையில் தொடங்கி, வாரம் ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டி, 40 நிமிடத்துக்கு வந்தார்கள். வாரம் மூன்று நாள், ஓராண்டு. நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வயது ஏற ஏறச் சுருங்கும் இயல்புடையது. நடந்தவர்களுக்கு அது சுமார் 2 சதவீதம் வளர்ந்தது! நீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியது. நடந்தவர்களில் அந்தப் பகுதி கூடுதலாக வளர்ந்தவர்களுக்கு, இடங்களை நினைவில் வைக்கும் திறனும் கூடுதலாக உயர்ந்தது. அறுபதைத் தாண்டிய மூளையில் வளர்ச்சி! இதைப் படித்த அன்று, முழங்கால் வலி என்று நடப்பதை நிறுத்திவிட்ட என் அம்மாவை மெல்ல வாசல்வரை அழைத்துக்கொண்டு போனேன்.

எதிரணி எடுத்து வீசுவதற்கு முன் நானே ஒன்றை வைத்துவிடுகிறேன். 2023இல் வந்த ஒரு பெரிய மறுஆய்வு, நலமுள்ளவர்களுக்கு உடற்பயிற்சியால் வரும் அறிவுத்திறன் பலன் நாம் நினைப்பதைவிடச் சிறியது, வெளியாகாமல் போன ஆய்வுகளையும் கணக்கில் கொண்டால் மிக மிகச் சிறியது என்றது. ஒளிக்க மாட்டேன். ஆனால் இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் சில வாரங்கள், சில மாதங்களில் முடிந்துவிடுகின்றன. நடையின் கணக்கு அதோடு முடிவதில்லை. நடை ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, ரத்தக் குழாய்களைக் காக்கிறது. மூளை அந்தக் குழாய்களை நம்பித்தான் இருக்கிறது. தவறிய வேளைக்கு ஈடுகட்டக் கல்லீரல் இருக்கிறது. ஆண்டுக்கணக்காக நடக்காமல் விட்டதற்கு ஈடுகட்ட உடலில் எந்த உறுப்பும் இல்லை.

இறுதியாக ஒன்று. லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024இல், மறதிநோய் வராமல் தடுக்க நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது கேளாமை, புகைபிடித்தல், உயர் ரத்த அழுத்தம், தனிமை, காற்று மாசு... உடலுழைப்பின்மையும் அதில் இருக்கிறது. 14 வரிகளையும் தேடிப் பார்த்தேன், நடுவர் அவர்களே. உணவு வேளை தவறுவது அதில் இல்லை. அந்தப் பட்டியலை உங்கள் மேசையில் வைத்துவிட்டு அமர்கிறேன். வணக்கம்.