துறையடிக் கடை

(ஊர் நூலக மண்டபத்தில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கச்சிமாரே,

துறையடியில் பூட்டிக் கிடக்கும் பழைய பலசரக்குக் கடையை அதன் சொந்தக்காரர்கள் இடிக்கப் போகிறார்கள். காணி அவர்களுடையது, உரிமையும் அவர்களுடையது. ஆனால் அந்தக் கட்டடத்தில் நம் ஊரின் வரலாறு இருக்கிறது. இடிக்குமுன் அதைப் பதிவு செய்தாக வேண்டும்.

கடை வாசல் வீதியைப் பார்க்கவில்லை, மட்டக்களப்பு வாவியைப் பார்க்கிறது. 1924இல் கல்லடிப் பாலம் வந்தது, 1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. ஆனாலும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைச் சனத்துக்குத் தோணிதான் வழி. நெல்லும் தயிரும் இக்கரை வரும். உப்பும் மண்ணெண்ணெயும் சீத்தைத் துணியும் அக்கரை போகும்.

கதவுப் பலகைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் உளியால் வெட்டிய கீறல்: ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை. வரிசை மாறினால் கடைசிப் பலகை தவாளிப்பில் இறங்காது. தினம் ஏற்றி இறக்கியதில் ஓரங்கள் மழுங்கிவிட்டன.

பின்னறைத் தளம் ஒரு முழம் உயரம். மாரியில் வாவி பெருகினாலும் நெல் நனையக்கூடாது அல்லவா! விதைப்புக் காலத்தில் கடன் கொப்பியில் எழுதிச் சாமான் வாங்கியவர்கள், சூடு அடித்து நெல் பிரித்ததும் அந்த அறையில்தான் நெல் அளந்தார்கள். இதைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். அறுவடையில் நெல் விலை விழுந்திருக்கும். அந்த விலைக்கே கடன் கழிந்தது. வயல்காரர் இழந்தது கொஞ்சமல்ல. அதே கொப்பிதான் பஞ்சத்தில் அடுப்பெரியவும் வைத்தது. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழ, அங்கிருந்து அரிசி வரத்து நின்றது. அரிசிப் பங்கீட்டுக் கூப்பன் காலம் தொடங்கியது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் பின்கூரை போனது. கூரை முன்னால் ஓடும் பின்னால் சீற்றுமாக இருப்பது அதனால்தான்.

2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தபின் அங்கே பாதைக்கு, அதாவது ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்திருப்பது முடிந்தது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் பாதை ஓடுவதைப் பார்த்தால், நம் துறையடி எப்படி இருந்திருக்கும் என்பது விளங்கும்.

உரியவர்கள் ஒரு மாதத் தவணை தந்திருக்கிறார்கள். உயர்தர வகுப்பு மாணவர்கள் அளவெடுத்துப் படம் வரையட்டும். பழைய கொப்பி, கூப்பன், படிக்கல் வைத்திருப்பவர்கள் நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள். படம் பிடித்துத் திருப்பித் தருவோம். கதவுப் பலகைகளைத் தருவதாக சொந்தக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். கழற்றும்போது அந்தக் கீறல் வரிசை குலையாமல் கழற்ற ஒரு நல்ல தச்சர் வேண்டும்.