குளிர் எனக்குத்தான், குதிரைக்கு இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

குளிர்காலத்தில் ஒரு நாள் முழுக்கக் குதிரைகளோடு என்னதான் செய்வீர்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். சவாரிக் கதைகள் வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போல. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதங்களில் நான் சேணத்தில் உட்காருவது நாளுக்கு அரை மணி நேரம் இருந்தால் அதிகம். மிச்சப் பொழுதெல்லாம் வாளி, விளக்குமாறு, குதிரைச் சாணமான லத்தி, தண்ணீர். மறுபடியும் தண்ணீர்.

என்னிடம் இரண்டு குதிரைகள். மூத்தவன் மின்னல், வயது 19. அவன் நடையைப் பார்க்காமலே யாரோ வைத்த பெயர் அது. இளையவள் வெள்ளி, 5 வயதுப் பெட்டைக் குதிரை. அவள் நல்ல கறுப்பு. அதற்கும் என்னிடம் விளக்கம் இல்லை.

காலை ஐந்தரைக்கு லாயத்துக்குப் போவேன். இருட்டில் முதலில் தெரிவது இரண்டு மூக்குகளிலிருந்து வரும் ஆவிதான். உடனே தீவனம் போடமாட்டேன். ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன். ராத்திரி போட்ட காய்ந்த புல் தீர்ந்திருக்கிறதா, லத்தி வழக்கம்போல விழுந்திருக்கிறதா, வாளியில் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது. குதிரைக்கு வாய் இல்லை, தரையைப் பார்த்துத்தான் அதன் சேதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். லத்தி குறைந்திருந்தாலோ, காய்ந்து உருண்டையாகக் கிடந்தாலோ, அன்றைக்குச் சவாரியே கிடையாது.

வாளிக்கு மேல் கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்திருக்கும். அதை உடைத்து எடுத்துவிட்டால் போதும் என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். போதாது. வளர்ந்த குதிரை நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். பச்சைப் புல் மேயும் காலத்தில் அந்தப் புல்லிலேயே முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். காய்ந்த புல்லில் அப்படி எதுவும் இல்லை. ஆக, குளிர்காலத்தில்தான் அது வாளியிலிருந்து அதிகமாகக் குடிக்க வேண்டும். ஆனால் பல்லைக் கூசவைக்கும் தண்ணீரை யார் விரும்பிக் குடிப்பார்கள்? இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுத் திரும்பிக்கொள்ளும். உள்ளே போன தீவனம் ஈரமில்லாமல் குடலில் அடைத்துக்கொள்ளும், வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முழுக் குடலையும் கடந்துதான் வெளியே வந்தாக வேண்டும். வழியில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

அதனால் காலையும் மாலையும் வெந்நீர் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் வைக்கிறேன். தீவனத்தைக் கொஞ்சம் ஊறவைத்து, அதில் சிறிது உப்பும் சேர்க்கிறேன், தாகம் எடுக்கட்டும் என்று. வெள்ளி வெதுவெதுப்பான வாளிக்குள் மூக்குத்துளை வரை முகத்தை அமிழ்த்துவாள். குடித்து முடித்ததும் வாயில் மிச்சம் வைத்திருந்ததை அப்படியே என் சட்டைமேல் வடிப்பாள். அது அவளுடைய நன்றி என்று வைத்துக்கொள்கிறேன்.

குளிருக்குத் தானியத்தைக் கூட்டினால் உடம்பு சூடாகும் என்று பலர் நம்புகிறார்கள். சூடு தருவது முக்கியமாகப் புல்தான். குதிரையின் இரைப்பை உடம்புக்கு ரொம்பச் சிறியது. நார்ச்சத்தெல்லாம் பெருங்குடலிலும் அதற்கு முன்னால் உள்ள பெரிய பையிலும் கிடந்து நுண்ணுயிர்களால் நொதிக்கிறது. அந்த நொதித்தலில் வரும் சூடுதான் ராத்திரி முழுக்க அதற்கு அடுப்பு. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்குச் சுமார் 10 கிலோ காய்ந்த புல் வேண்டும். கடுங்குளிர் ராத்திரிகளில் நான் இன்னும் ஒன்றிரண்டு கிலோ கூடப் போடுவேன்.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். முதல் குளிர்காலத்தில், பாவம் குதிரைகள் என்று லாயத்தின் ஜன்னல்களையெல்லாம் சாக்கு வைத்து அடைத்தேன். கதவிடுக்கில்கூடத் துணி. உள்ளே போனால் கதகதப்பாக இருக்கும், எனக்கே பெருமையாக இருக்கும். பத்து நாளில் மின்னல் இருமத் தொடங்கினான். மருத்துவர் வந்தார். குதிரையைப் பார்ப்பதற்கு முன்னால் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் என்னைத் தரைக்குப் பக்கத்தில் குனிந்து மூச்சு விடச் சொன்னார். குனிந்தேன். கண் எரிந்து நீர் கொட்டியது. மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. குதிரை படுத்தாலும், தரையில் கிடக்கும் புல்லைத் தின்றாலும், அதன் மூக்கு இருப்பது அந்த உயரத்தில்தான். அதோடு புல் தூசி வேறு. அன்றைக்கே சாக்குகளைப் பிடுங்கி எறிந்தேன். இருமல் நிற்க மூன்று வாரம் ஆயிற்று. குளிர் எனக்குத்தான் அடித்திருக்கிறது, நான் அதைக் குதிரைமேல் போட்டிருக்கிறேன்.

குதிரை கம்பளியோடுதான் நிற்கிறது. கோடை முடிந்து பகல் குறுகத் தொடங்கும்போதே அதன் உடம்பு கணக்குப் போட்டுக் குளிர்கால மயிரை வளர்க்கத் தொடங்கிவிடும். குளிர் வரும்வரை காத்திருப்பதில்லை, வெளிச்சம் குறைவதுதான் அதற்குச் சைகை. குளிர்ந்ததும் ஒவ்வொரு மயிரும் நிமிர்ந்து நின்று நடுவில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பனி பெய்த காலையில் வெள்ளியின் முதுகில் பனி உருகாமல் அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். உள்சூடு வெளியே கசியவில்லை என்று அர்த்தம். மயிர் முழுசாக வளர்ந்து, உலர்ந்திருந்து, வயிறு நிறையத் தீவனமும் இருந்தால், உறைநிலைக்குக் கீழே ஏழெட்டு டிகிரி வரை ஆரோக்கியமான குதிரை அலட்டிக்கொள்ளாது. நனைந்துவிட்டால் கதை வேறு. மயிர் படிந்துவிடும், காற்றுப் படலம் போய்விடும். காற்றோடு மழை பெய்யும் நாள்தான் நான் பயப்படும் நாள்.

மின்னலுக்கு மட்டும் போர்வை போடுகிறேன். வயதாகிவிட்டது, பல் தேய்ந்து தின்பதும் மெதுவாகிவிட்டது. போட்டால் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும். தோள் எலும்பில் உராய்ந்து புண் வந்திருக்கலாம். அடர்ந்த மயிருக்கு அடியில் உடம்பு இளைப்பது கண்ணுக்குத் தெரியாது, விரலால் விலா எலும்பைத் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், பயிற்சி குளம்பைத் தூக்கும்போதே தொடங்கிவிடுகிறது. வெள்ளி பின்னங்காலைத் தரமாட்டாள். இழுத்தால் முழு எடையையும் அந்தக் காலிலேயே போட்டு ஊன்றி நிற்பாள். இழுப்பதை விட்டேன். காலின் பின்பக்க நரம்பில் விரலால் மெல்ல அழுத்துவேன். அவள் எடையை மற்றக் காலுக்கு மாற்றியதும் கையை எடுத்துவிடுவேன். கால் தூக்கவே இல்லை, எடை மட்டும்தான் மாறியது, அதற்கே விடுதலை. குதிரைக்குப் பாடம் புரிவது அழுத்தும்போது இல்லை, விடும்போது. ஒரு நொடி தாமதமாக விட்டால் வேறு எதையோ கற்றுக்கொள்ளும். நாலு நாளில் நான் குனிவதைப் பார்த்ததுமே காலைத் தூக்கிக் காட்டினாள். குளம்பின் நடுவில் ரப்பர் மாதிரி ஒரு முக்கோணத் திண்டு இருக்கும், அதன் ஓரப் பள்ளங்களில் சேறு அடைந்து கறுத்து நாறினால் அழுகல் வந்துவிட்டது. ஈரக் காலத்தில் அதை ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது கடிவாளம். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளும் என்று பழமொழி சொல்லிக் குதிரையைக் கேலி செய்கிறோம். ராத்திரி முழுக்க உறைபனியில் தொங்கிய இரும்பை உங்கள் நாக்கில் வைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் லாயத்துக்கு வந்ததும் கடிவாளத்தின் இரும்பைக் கோட்டுக்குள், அக்குளில் செருகிக்கொள்வேன். முதல் ஒரு நிமிடம் எனக்கு உயிர் போகும். ஆனால் வெள்ளி வாயைத் திறக்கிறாள்.

தரை கல்லாக உறைந்திருந்தால் ஓட்டமே கிடையாது, நடை மட்டும்தான். நீளமான மரக்கழிகள் மூன்றைத் தரையில் 80, 90 சென்டிமீட்டர் இடைவெளியில் போட்டு, கயிற்றில் நடத்திக் கடக்க வைப்பேன். முதல் வாரம் அவள் ஒவ்வொரு கழியையும் குளம்பால் இடித்தாள். கவனமில்லை என்று கயிற்றைச் சுருக்கித் தலையை மேலே பிடித்தேன். இன்னும் பலமாக இடித்தாள். தப்பு என்னுடையது. குதிரைக்குக் கிட்டத்தட்டச் சுற்றிலும் பார்வை உண்டு, ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் குருடு. தலையைத் தாழ்த்தி முன்கூட்டியே கழியைப் பார்த்துவைத்தால்தான் காலை அளந்து வைக்க முடியும். கயிற்றைத் தளர்த்தினேன். கழுத்தை நீட்டினாள், ஒரு முறை மூக்கால் சீறினாள், மூன்றையும் தொடாமல் தாண்டினாள். அன்றைய பயிற்சியை அத்தோடு முடித்துக்கொண்டேன். மொத்தம் பன்னிரண்டு நிமிடம்.

மின்னலுக்கு அதற்கு நேர்மாறு. மூட்டு இறுகியிருக்கும், கால் மணி நேரமாவது சும்மா நடத்தினால்தான் வழிக்கு வருவான். அவன்மேல் ஏறினாலும் வியர்க்காத அளவோடு நிறுத்திக்கொள்வேன். அடர்ந்த மயிருக்குள் வியர்வை போனால் காய மணிக்கணக்கில் ஆகும். அப்படி வியர்த்துவிட்டால் துணியால் துடைத்து, முதுகில் வைக்கோலைப் பரப்பி, மேலே போர்வை போடுவேன். வைக்கோல் நடுவில் காற்றை ஓடவிட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காதடியிலும் முன்னங்கால் இடுக்கிலும் கைவைத்து உலர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் வெளியே விடுவது.

மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். கடைசிச் சுற்று ராத்திரி ஒன்பதுக்கு. திரும்ப ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர், திரும்பப் புல். டார்ச்சை முகத்தில் அடிக்காமல் தரையில் அடிப்பேன். மின்னல் பெரும்பாலும் நின்றபடியே கண்மூடியிருப்பான், ஒரு பின்னங்காலை மடித்து ஓய்வு கொடுத்துக்கொண்டு. வெள்ளி சில நாள் படுத்திருப்பாள். ஆழ்ந்த தூக்கத்துக்குக் குதிரை படுத்தாக வேண்டும், பயமில்லாத இடத்தில்தான் அது படுக்கும். அப்படிப் பார்த்த ராத்திரியில் வாளியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வருவேன். ஜன்னல் திறந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

நாளைக் காலை ஐந்தரைக்கு அந்த வாளியில் மறுபடியும் ஐஸ் இருக்கும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.